கல்லை வெளுத்தவர்

"சொட்டு விட்டுட்டு காதைக் கிட்ட கொண்டுபோங்க சார். அதுவே பேசும்" என்றார் வண்ணமீன் கடைக்காரர்.

அவரும் கொண்டுபோனார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத கண்களோடு, கடைத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைக் கல்லின் மேல் மூன்று சொட்டு வினிகரை விட்டுவிட்டு அது என்ன சொல்லப்போகிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கல் புஸ்ஸென்று சின்னதாக நுரைத்தது. அவ்வளவுதான் அதன் பேச்சு.

"நுரைச்சுதா? அப்ப சுண்ணாம்புக் கல்லு. ஒரு காலத்துல கடலா இருந்த எடத்துலேர்ந்து வெட்டி எடுத்தது. தொட்டிக்கு ஆகும். நுரைக்காததைச் சும்மா குடுத்தாலும் வாங்கிடாதீங்க."

"விலை?"

"மொதல்ல உயிர்க்கல்லு கேட்டீங்கல்ல, அதுல அஞ்சுல ஒரு பங்கு. இது காஞ்ச கல்லு. செத்த கல்லுன்னும் சொல்லுவோம்."

அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. கல்லில் என்னய்யா உயிரோடு இருப்பது, செத்துப்போவது? ஆனால் வாக்குவாதம் பண்ணுகிற நிலையில் அவர் இல்லை. இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் ஹாலில் இருக்கிற நாலடிக் கடல்மீன் தொட்டி ஒன்றுமே நடக்காதது போல இருந்தாக வேண்டும்.

ஒன்பது வருஷமாக இந்தக் கடை வாசல் அவருக்குப் பழக்கம். வாசல் மட்டும். மாதம் ஒருமுறை மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "பத்து நிமிஷம். அதுக்கு மேல ஆச்சுன்னா நான் போயிட்டே இருப்பேன்" என்று மிரட்டிவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வெளியிலேயே உட்கார்ந்திருப்பார். அவள் முக்கால் மணி கழித்து, ஒரு பிளாஸ்டிக் பை நிறையத் தண்ணீரும் அதற்குள் கண்ணுக்கே தெரியாத ஏதோ ஒன்றுமாக, முகமெல்லாம் பல்லாக வெளியே வருவாள். "என்ன அது?" "நத்தைங்க." "நத்தையைக் காசு குடுத்து வாங்கற ஒரே ஆளு உலகத்துலயே நீதான்." இவ்வளவுதான் அந்தத் தொட்டியைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம். அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ரிடையர் ஆனவள். முப்பது வருஷம் கண்ணாடிக் குடுவைகளில் செத்த தவளைகளையும் பாம்புகளையும் துடைத்துத் துடைத்து வைத்த கை, உயிரோடு இருக்கிற எதையாவது கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டதில் என்ன தப்பு? அவருக்கு அப்போது அது தோன்றவில்லை. கரண்ட் பில் மட்டும்தான் தோன்றியது.

அவர் வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில். சூப்பர்வைசர். முந்நூறு அறைகளின் படுக்கை விரிப்பும் துண்டும் தலையணை உறையும் தினமும் அவர் கை வழியாகத்தான் மறுபடி மனிதர்கள் படுக்கிற நிலைக்கு வரும். எந்தக் கறையானாலும் ஒருமுறை முகர்ந்து பார்த்தே இன்னதென்று சொல்லிவிடுவார். கூட இருப்பவர்கள் வைத்த பெயர் வெள்ளைக்காரர். "வெள்ளைக்காரர்கிட்ட குடு, அவரைப் பாத்தாலே கறை ஓடிடும்" என்பார்கள். அவருக்கு உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்துவிட்டது. "வெள்ளைக்காரர் சாப்பிட வரலாம்" என்று அவளும் கூப்பிடுவாள்.

அவளுக்கு வயிற்றில் வலி என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்குப் பிடிச்சதைச் செஞ்சு குடுங்க" என்றார் டாக்டர். "எத்தனை மாசம் டாக்டர்?" என்று கேட்டார் இவர். டாக்டர் மேஜையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "வாரக் கணக்குல நெனச்சுக்கங்க சார்." அதை அவளிடம் இவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவள் சொன்னது ஒன்றுதான்: "கட்டிலை ஹால்ல போடுங்க. தொட்டிக்கு எதிர்ல."

"சார், எந்தக் குவியல்லேர்ந்து எடுக்கட்டும்?" என்றார் கடைக்காரர்.

மூன்று குவியல்கள் இருந்தன. முதலாவது, நுரைத்த வகை. சுண்ணாம்பு வெள்ளை, உடம்பெல்லாம் ஓட்டை. "கையில தூக்கிப் பாருங்க. பாக்கப் பெருசா இருக்கணும், தூக்கினா லேசா இருக்கணும். அப்பதான் உள்ள நெறைய ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையிலதான் தண்ணியைச் சுத்தம் பண்ற கண்ணுக்குத் தெரியாத உசுரெல்லாம் குடியிருக்கும்." இரண்டாவது, சிமென்டில் வார்த்துச் செய்தது. ஊதாச் சாயம் பூசியிருந்தது. மூன்றாவது யாரோ தொட்டியைக் கலைத்துவிட்டுப் போட்டுவிட்டுப் போன பழைய கல், பழுப்பாக. அதுதான் இருப்பதிலேயே மலிவு.

அவர் அந்தப் பழுப்புக் கல்லைத்தான் முதலில் எடுத்தார். எடுத்ததும் பழக்க தோஷம், முகர்ந்தார்.

"அதுமட்டும் வேண்டாம் சார். யாரோட அழுக்கையோ குடிச்சு வெச்சிருக்கு. தண்ணில போட்டா மாசக் கணக்கா கக்கும்."

இது அவருக்குச் சட்டென்று புரிந்தது. மேலே வெள்ளையாக இருக்கும், இஸ்திரி போட்டால் உள்ளேயிருந்து மஞ்சளாகக் கிளம்பும் துணி உண்டு. அதை எத்தனை முறை வெளுத்தாலும் நம்ப முடியாது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு ஊதாக் கல்லைக் காட்டினார்.

"இது. இது அப்படியே அவ வெச்சிருந்த மாதிரியே இருக்கு."

கடைக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை வாடிக்கையாளர் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த கண். "அவங்கன்னா யாரு சார்?"

மாதாமாதம் வருகிறவள், கண்ணாடி போட்டிருப்பாள், ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நின்று நின்று பார்ப்பாள் என்று இவர் சொல்லச் சொல்ல, "நம்ம லேப் அக்காவா!" என்று கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணே, வெளில ஹெல்மெட்டோட உக்காந்திருப்பீங்களே, அது நீங்களா? அக்காவைக் காணோமேன்னு போன வாரம்கூட நெனச்சேன். அக்கா தொட்டிக்கு என்ன ஆச்சு?"

"பம்பு நின்னுபோச்சு. நாலு நாள் ஆள் இல்ல. எல்லாம் செத்துப்போச்சு."

"அடடா." அவர் உச்சுக் கொட்டினார். "மீன் போனா போவுது, விடுங்க. அக்காவோட கல்லு இருக்குல்ல? ஒன்பது வருஷத்துக் கல்லுண்ணே அது. மேல கொஞ்சம் அழுகியிருக்கும். உப்புத் தண்ணில அலசிட்டுத் திரும்ப வைங்க, போதும். உள்ள உசுரு இருக்கும். மூணு வாரத்துல எழுந்து உக்காந்துரும். நீங்க எதுக்கு இங்க வந்து காஞ்ச கல்லைத் தேடிட்டு இருக்கீங்க?"



"கழுவிட்டேன்" என்றார் இவர்.

"கழுவினா என்ன, பரவால்ல."

"பிளீச்சுல."

கடைக்குள் இருபது தொட்டிகளின் காற்று மோட்டார்களும் கொரகொரவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"சுடுதண்ணில ஊற வெச்சு, பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு தரம் பிளீச் பண்ணி, மாடியில காய வெச்சேன்" என்று இவரே மிச்சத்தையும் சொன்னார். எப்படியும் ஒருவரிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் போலிருந்தது.

"ஐயோ, அண்ணே" என்றார் கடைக்காரர். "கொன்னுட்டீங்களே."

உண்மையில் இவர் இரண்டு முறை கொன்றார். முதல் முறை இஸ்திரிப் பெட்டியால். ஆஸ்பத்திரியில் கொடுத்த நைட்டி கசங்கிக் கசங்கிக் கிடந்தது இவருக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஊரார் படுக்கைக்கெல்லாம் மடிப்பு எடுத்தவன் பெண்டாட்டி இப்படியா படுத்திருப்பது? ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் குளிக்க வீட்டுக்கு வந்தபோது அவளுடைய சொந்த நைட்டி ஒன்றைத் துவைத்துத் தேய்த்தார். ஹாலில் பிளக் போட இடம் ஒன்றுதான். அதில் இருந்ததைப் பிடுங்கி இஸ்திரிப் பெட்டியைச் செருகினார். தேய்த்து முடித்து மடிக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன், உடனே வாருங்கள் என்று. இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, நைட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். நாலு நாள் அவள் கண் திறக்கவில்லை, இவர் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் குடலைப் பிரட்டுகிற நாற்றம். தொட்டித் தண்ணீர் பால் மாதிரி இருந்தது. இரண்டு ஆரஞ்சு மீன்களும் மேலே மல்லாந்து கிடந்தன. தரையில் தொட்டியின் பிளக், சுவரில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்.

அப்புறம்தான் இரண்டாவது கொலை. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கை தானாக ஓடியது. நாற்றம் என்றால் அந்தக் கைக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: ஊற வை, வெளு, அலசு, காய வை. மீன்களைப் புதைத்தார், தண்ணீரை இறைத்தார், ஊதாவும் பாசியுமாக அழுக்குப் பிடித்துக் கிடந்த பதினோரு கற்களையும் வாளியில் போட்டு, ஹோட்டல் விரிப்புக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தாராளமாகவே பிளீச் ஊற்றினார். மறுநாள் கற்கள் பளிச்சென்று வெளுத்திருந்தன. நடந்த அத்தனை அநியாயத்துக்கும் நடுவே, இதையாவது சரியாகச் செய்தோம் என்று பாவி மனுஷன் ஒரு நிமிஷம் திருப்திப்பட்டார்.

தினமும் அவள் கேட்டாள். "ரெண்டும் நல்லா இருக்கா?" தினமும் இவர் சொன்னார். "நல்லா இருக்கு, நல்லா இருக்கு."

"சரி, இதையே குடுங்க. ஊதா" என்றார் இப்போது.

"சாயத்தைப் பூசி அக்காவை ஏமாத்த முடியும்னா நெனைக்கிறீங்க?" கடைக்காரர் அந்தக் கல்லை வாங்கிக் குவியலில் திரும்ப வைத்தார். "எதையும் வாங்காதீங்க. உங்க மாடியில காயறதும் நான் இங்க விக்கறதும் ஒண்ணுதான். பிளீச் வாடை சுத்தமா போயிருக்கணும், அவ்வளவுதான். இதுல எவ்வளவு மலிவாக் குடுத்தாலும் நான் உங்க கல்லையே உங்களுக்கு விக்கற மாதிரி ஆயிடும்."

"திரும்ப ஊதா ஆயிடுமா?"

"ஆகும். மொதல்ல பழுப்பா வழவழன்னு ஒண்ணு வரும், பாக்கவே அருவருப்பா இருக்கும். அப்புறம் பச்சை. அப்புறம் அங்கங்க புள்ளி புள்ளியா ஊதாப் பாசி."

"எத்தனை நாள்ல?"

"நாலு மாசம். அஞ்சுன்னு வெச்சுக்குங்க."

இவர் தலையை ஆட்டினார். வாரக் கணக்கு, மாதக் கணக்கு என்று இரண்டு கணக்குகளும் தலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. "ரெண்டு ஆரஞ்சு மீன் மட்டும் குடுங்க" என்றார்.

"தரமாட்டேண்ணே. தொட்டி இன்னும் தொட்டி ஆகல. இப்ப விட்டா மூணு நாள்ல போயிடும். அக்கா கண்ணு முன்னாடி போகணுமா?"

கடைசியில் கடைக்காரர் தன் பெரிய தொட்டிக்குள் கையை விட்டு, கைப்பிடி அளவு ஊதாக் கல் ஒன்றை எடுத்துத் தண்ணீரோடு வாளியில் போட்டுக் கொடுத்தார். விதைக்கு என்றார். பணம் வாங்கவில்லை. உப்புக்கும் புது மணலுக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார். இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தவர், கிளம்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். உள்ளேயிருந்து யாரோ வர வேண்டியது போல.

வெளுப்பை அடக்குவது அவருக்குத் தெரிந்த வேலை. லாண்டரியில் அதற்கென்றே ஓர் உப்பு உண்டு. அதில் ஒரு நாள் முழுக்க ஊற வைத்து, ஏழு தண்ணீர் மாற்றி அலசி, ஒவ்வொரு கல்லையும் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தார். வெறும் கல் வாசனை. அதாவது ஒரு வாசனையும் இல்லை. வியாழக்கிழமை காலையில் தொட்டியில் மணலைப் பரப்பி, உப்புத் தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட்டு, அந்தப் பிளக்கின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று டேப் ஒட்டினார். அப்புறம் கற்களை அடுக்க உட்கார்ந்தார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். எது எங்கே இருந்தது?

ஒன்பது வருஷம். காலையில் காபிக் கோப்பையோடு அதைத் தாண்டித்தான் போயிருக்கிறார், சாயங்காலம் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். சாப்பாட்டு மேஜைக்கும் ஹாலுக்கும் நடுவே சுவர் மாதிரி நின்ற தொட்டி அது. இரண்டு பக்கமிருந்தும் பார்க்கலாம். அவர் ஒரு பக்கமிருந்தும் பார்த்ததில்லை. அவள் ஒவ்வொரு கல்லுக்கும் பெயர் வைத்திருந்தாள் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. ஒட்டகம் என்று ஒன்று. தூங்குமூஞ்சி என்று ஒன்று. எது ஒட்டகம், எது தூங்குமூஞ்சி? போனில் தேடியதில் ஒரே ஒரு படம் அகப்பட்டது. அவள் ரிடையர் ஆன அன்று இவரே எடுத்தது. தொட்டிக்கு முன்னால் நின்று சிரிக்கிறாள். அவளுக்கு இடது பக்கம் நாலு கல்லும் வலது பக்கம் மூன்று கல்லும் தெரிந்தன. நடுவில் இருந்ததையெல்லாம் அவள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவள் தோளுக்கு மேல் ஏதோ ஒரு நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. தெரிந்த ஏழையும் அடுக்கினார். தெரியாத நாலைக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் ஒருத்தியோடு குடும்பம் நடத்திவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்றுகூடத் தெரியாத மனுஷன் நான் என்று வாய்விட்டே சொன்னார். கேட்க யாருமில்லை. நாலு கற்களையும் குத்துமதிப்பாக நடுவில் வைத்தார். கடைக்காரர் கொடுத்த சின்ன ஊதாவை ஒரு ஓரத்தில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் அவளைத் தூக்கிவந்து ஹால் கட்டிலில் விட்டுவிட்டுப் போனார்கள். போகும்போது வழக்கத்துக்கு மாறாக மெதுவாகக் கதவைச் சாத்தினார்கள். மனுஷி பாதியாகியிருந்தாள். இவர் தலையணையைச் சரி பண்ணினார், போர்வையின் மடிப்பை நீவினார், பிறகு வேலை இருப்பது போல ஒரு துணியை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டு மேஜைப் பக்கம் போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். தண்ணீர் வழியாக அவள் முகம் தெரிந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னங்க."

"ம்."

"வெள்ளையா இருக்கே."

இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னார். "புதுத் தண்ணி மாத்தினேன், அதான். மீனு ரெண்டும் ஆள் சத்தத்துக்குப் பயந்து கல்லுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு."

"பின்னாடி நீங்கதானே நிக்கறீங்க" என்றாள்.

இவர் துடைப்பதை நிறுத்தினார்.

"கல்லுளிமங்கன் மாதிரி நிக்காதீங்க. என்னன்னு சொல்லுங்க."

சொன்னார். பிளக்கை, இஸ்திரியை, ஆஸ்பத்திரி போனை, மீன்கள் கிடந்த கோலத்தை, பிளீச்சை. தொட்டிக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார், இந்தப் பக்கம் வந்து முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லை. நடுவில் அழுதுவிட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை. அந்தக் காலத்தில் எவ்வளவு நன்றாகத் திட்டுவாள்! அவள் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"நல்லாத் தேய்ச்சிருந்தீங்க அந்த நைட்டிய" என்றாள் கடைசியில். "நர்ஸுகூடச் சொன்னா."



"கல்லையும் விட்டுவைக்கல வெள்ளைக்காரர்" என்று மெல்லச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வயிற்றில் பிடித்து, முகம் சுளித்து, அடங்கியது. "ஓரத்துல ஒண்ணு ஊதாவா இருக்கே. அது யார் வீட்டுப் பிள்ளை?"

"கடைக்காரர் குடுத்தார். விதைக்காம். அதுலேர்ந்து பரவுமாம். சீக்கிரமே பழைய மாதிரி ஆயிடும்னார்."

"நாலு மாசம் ஆகும். எனக்குத் தெரியாதா?"

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. பம்பிலிருந்து விழுகிற தண்ணீர் வெள்ளைக் கற்களின் மேல் சும்மா நெளிந்துகொண்டிருந்தது.

"தினம் தண்ணி கொறையும்" என்றாள் சற்றுக் கழித்து. "கொறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணி ஊத்தணும். உப்புத் தண்ணி ஊத்திடாதீங்க. உப்பு ஆவியாகாது, அது அப்படியேதான் இருக்கும். பழுப்பா வரும். அருவருப்பா இருக்கேன்னு கழுவிடாதீங்க. விட்டுடணும். கேக்கறீங்களா?"

"நீ பக்கத்துல இருந்து சொல்லு, நான் செய்யறேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அவள் குரல் அவ்வளவுதான் எழும்பியது, பம்பின் இரைச்சல் அதை விழுங்கியது.

அவர் குனிந்து, நேற்றுத்தான் ஒட்டிய டேப்பை நகத்தால் கீறி, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார். பிளக்கைப் பிடுங்கி, இந்த முறை தரையில் போடாமல் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். வீடு நிசப்தமாயிற்று.

"ஒட்டகம் தலைகீழா இருக்கு" என்றாள்.

"எது ஒட்டகம்?"

அவள் விரலை நீட்டினாள். நடுவில் இருந்த நாலில் ஒன்று. சட்டைக் கையைச் சுருட்டக்கூட இல்லை, தோள் வரை தண்ணீருக்குள் கையை விட்டு அதைப் பிடித்தார். "இதுவா?" அவள் தலை அசைந்தது. மெதுவாகப் புரட்டினார். அடியில் படிந்திருந்த புது மணல் கிளம்பியது. ஒரே நொடியில் தண்ணீர் முழுக்க வெளுத்துக் கலங்கி, கற்கள் மறைந்தன, கட்டில் மறைந்தது, நீட்டிய விரலும் மறைந்தது.

"இப்படியா?" என்றார். "எந்தப் பக்கம் தலை? இடது பக்கமா?"

பதில் வந்ததா, அவள் மூச்சுத்தானா என்று தெரியவில்லை. கல்லைக் கீழே வைக்கவும் பயமாக இருந்தது, மேலே எடுக்கவும் பயமாக இருந்தது. சட்டைப் பையில் ஈரம் படாமல் பிளக்கை மற்றொரு கையால் பொத்திக்கொண்டு, தோள் வரை குளிர்ந்த உப்புத் தண்ணீரில், கையில் ஒட்டகத்தோடு, கலங்கல் எப்போது தெளியும் என்று பார்த்தபடி நின்றார்.